பூஜ்யமும் மௌனமும்

அடுத்தவர் தரும் தரவை நம்பி மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு ஒரு விஷயம் சீக்கிரமே புரிந்துவிடும். படுத்துவிடும் சர்வர் பெரிய பிரச்சினையே இல்லை. அது படுத்தது உடனே தெரியும். அலாரம் அடிக்கும், யாராவது தூக்கத்திலிருந்து எழுந்து பார்ப்பார்கள். பயப்பட வேண்டியது, எல்லாம் சரி என்று 200 குறியீட்டோடு தப்பான பதிலைத் தரும் சர்வருக்குத்தான்.

நான் வேலை பார்ப்பது விவசாயிகளுக்குப் பாசன ஆலோசனை சொல்லும் ஒரு செயலியில். மழையை நாங்கள் அளப்பதில்லை. ஒரு தனியார் நிறுவனத்துக்கு மாதச் சந்தா கட்டி அளவுகளை வாங்குகிறோம். அவர்களும் அங்கங்கே நிற்கும் தானியங்கி மழைமானிகளிடமிருந்துதான் வாங்குகிறார்கள். மானியின் பேட்டரி இறங்கலாம், சிம்முக்கு சிக்னல் போகலாம். அப்போது அளவு வராது. வராத அளவை அந்த நிறுவனத்தின் மென்பொருள் 0 என்று நிரப்பி அனுப்பிவிடும். ‘மழை இல்லை’ என்பதும் ‘மானி பேசவில்லை’ என்பதும் எங்களுக்கு வந்து சேரும்போது ஒரே எண்.

பெரம்பலூர் பக்கம் சின்ன வெங்காயம் போட்டிருக்கும் ஒரு அண்ணன், திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார். மோட்டாரை செல்போனிலிருந்தே போட்டு நிறுத்துவார். ஒரு ராத்திரி ஊரில் நல்ல மழை. மானி மௌனம். காலையில் 0 வந்தது. ‘இன்று தண்ணீர் பாய்ச்சலாம்’ என்றது செயலி. அவர் பட்டனை அழுத்திவிட்டார். ஏற்கெனவே தண்ணீர் நின்ற காட்டில் இன்னும் இரண்டு மணி நேரம் தண்ணீர். வெங்காயம் அழுகிப்போனது.

போனில் அவர் கத்தவில்லை. “காட்டுல நின்னு கண்ணால பாக்குறவனுக்கு உங்க ஆப்பு எதுக்கு தம்பி? பாக்க முடியாதவன்தானே உங்கள நம்புறான்?” என்று மட்டும் கேட்டார்.

தரவு விற்ற நிறுவனத்துக்கு எழுதினோம். அன்றைக்கு அவர்களுடைய சேவை ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை என்று பதில் வந்தது. உண்மைதான். ஒப்பந்தத்தில் சேவை ஓடுவதற்குத்தான் உத்தரவாதம், சொல்வது சரியாக இருப்பதற்கு இல்லை.

சரி, இன்னொரு நிறுவனத்திடமும் வாங்கி ஒப்பிடலாம் என்று பார்த்தோம். முதல் வாரமே எண்கள் முட்டிக்கொண்டன. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மழை நாள் காலை 8.30க்கு முடிகிறது, முதல் நிறுவனமும் அதையே பின்பற்றியது. புதிய நிறுவனத்துக்கு நாள் மாறுவது உலகப் பொது நேரப்படி நள்ளிரவில், அதாவது நமக்குக் காலை 5.30க்கு. 7 மணிக்குப் பெய்த மழை ஒருவர் கணக்கில் முடியப்போகும் நாளில், இன்னொருவர் கணக்கில் அப்போதுதான் தொடங்கிய நாளில். இதையெல்லாம் சரிசெய்த பிறகு தெரிந்தது: பேசாத மானிகள் விஷயத்தில் மட்டும் இருவரும் கச்சிதமாக ஒத்துப்போனார்கள். இரண்டு பேரும் வாங்குவது ஒரே இடத்தில்! இரண்டு சாட்சி என்று நினைத்தோம். ஒரே ஆள் சொன்னதை இரண்டு பேர் திருப்பிச் சொல்லியிருக்கிறார்கள்.

அதற்காக, விசித்திரமாக வரும் எண்ணையெல்லாம் தூக்கி எறியவும் முடியாது. 1985இல் அன்டார்டிகாவின் ஓசோன் பெருமளவு குறைந்திருப்பதை ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் என்ற மூன்று பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் ‘நேச்சர்’ இதழில் அறிவித்தார்கள். அவர்கள் வைத்திருந்தது தரையில் நிற்கும் கருவி. நாசாவின் செயற்கைக்கோளும் அதே குறைவை அளந்திருந்தது. ஆனால் 180 டாப்சன் அலகுக்குக் கீழே வந்த அளவுகளை அதன் மென்பொருள் சந்தேகத்துக்குரியவை என்று குறித்து வைத்திருந்தது. சந்தேகப்படுவது பாதி வேலைதான். குறித்து வைத்ததை ஒரு மனிதர் எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு மானியும் கடைசியாகப் பேசிய நேரத்தையும் கேட்டு வாங்கினோம். பழையதாக இருந்தால், அல்லது சுற்றியுள்ள மானிகளில் மழை இருந்து இதில் மட்டும் 0 என்றால், ஆலோசனை தருவதில்லை. ‘உங்கள் பகுதி மழை அளவு உறுதியாகத் தெரியவில்லை. மண்ணைப் பார்த்துவிட்டு மோட்டார் போடவும்’ என்று காட்டுகிறோம். இந்த ஒரு வரிக்காக இரண்டு மீட்டிங் சண்டை. “தெரியலன்னு சொல்ல நமக்கு எதுக்கு ஜி ஒரு ஆப்பு? அன்இன்ஸ்டால் பண்ணிட்டுப் போயிடுவாங்க” என்றார் மேனேஜர். சிலர் போகவும் செய்தார்கள்.

திருப்பூர் அண்ணன் போகவில்லை. அந்த வரி வருகிற நாட்களில் பக்கத்துக் காட்டுக்காரருக்குப் போன் போட்டுக் கேட்கிறாராம்.