சோலார் பூட்டின வீடு

2022 மார்ச் கடைசியில் ஒருநாள், நல்ல உச்சி வெயில். வீட்டில் கரண்ட் இல்லை. அப்பா முற்றத்தில் சாய்மனைக் கதிரையைப் போட்டுக்கொண்டு கூரையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

"வெயில் எறிக்குது. தகடும் மேலை கிடக்குது. பிறகேன் தம்பி ஃபான் சுத்தேல்லை?"

பதினான்கு தகடுகள். கொழும்பில் வேலைசெய்து சேர்த்த காசோடு வங்கிக்கடனும் எடுத்து 2019இல் நான் பூட்டியவை. பூட்டிய அன்று ஊருக்கே காட்டிக்கொண்டு நின்றவன் நான்தான். இப்போது இன்வேர்ட்டரைப் பற்றி அப்பாவுக்கு விளக்கவேண்டியிருந்தது. லைனில் மின்சாரம் நின்றால் இதுவும் தானாக நின்றுவிடும். நிற்காவிட்டால், கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறுகிறவனை எங்கள் வீட்டுக் கரண்ட் கொன்றுவிடும். பற்றரி இருந்தால் வேறு கதை. விலை கேட்டுப் பயந்து விட்டுவிட்டேன். யூனிட்டுக்கு 22 ரூபாய் தருகிறார்களே, லைனே எங்கள் பற்றரி என்று நினைத்தேன்.

"அப்ப உது வீட்டுக்குப் பூட்டினதில்லை, லைனுக்குப் பூட்டினது" என்றார்.

பதில் சொல்லவில்லை. அந்த வாரம் மின்வெட்டு 13 மணிநேரம்வரை போனது. எண்ணெய்க் கப்பல்கள் கடலில் வந்து நின்றன, இறக்க டொலர் இல்லை. ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது.

இந்த நாட்டின் மின்சாரம் எப்போதும் இப்படிக் கப்பலைப் பார்த்துக்கொண்டு கிடந்ததில்லை. 90களின் தொடக்கம்வரை அதில் பெரும்பகுதி மலைநாட்டுத் தண்ணீரில்தான் வந்தது. லக்சபான, மகாவலி. 1996 வறட்சியில் நீர்த்தேக்கங்கள் வற்றியபோது எண்ணெய் எரிக்கும் மின்நிலையங்களைத் தேடினார்கள். வறட்சி போனது, எண்ணெய் போகவில்லை. பிறகு நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலக்கரி. அதுவும் கப்பலில்தான் வருகிறது. (மலையில் தண்ணீர் நிறைய இருந்த அந்த 90களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்துக்குக் கரண்டே இல்லை. அதை அப்பாவிடம் கேட்கவேண்டும்.)

கேட்டால் நிறுத்தமாட்டார். பெற்றோல், பற்றரி, உரம் எல்லாம் தடைப்பட்டியலில் இருந்த காலம். சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டது. ஜாம் போத்தல் விளக்கில் அக்கா படித்தது. கார்புரேற்றருக்குள் இரண்டு துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணிவிட்டு, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியது. இதெல்லாம் எனக்குச் சாகசக் கதையாகத்தான் இருந்தது, 2022 ஜூன் வரும்வரை.

எங்கள் தோட்டத்துக்கு மின்சார லைன் கிடையாது. மண்ணெண்ணெய் மிசின். செம்மண்ணில் வெங்காயத்துக்கு மூன்று, நான்கு நாளுக்கொருமுறை இறைக்கவேண்டும். வெங்காயம் திரளுகிற நேரத்தில் மண்ணெண்ணெய் இல்லாமல் போனது. லீற்றர் 87 ரூபாய் என்று விலை மட்டும் இருந்தது. செட்டுக்கு முன்னால் கான்களைக் கயிற்றால் கோர்த்து, மேலே கல்லு வைத்துவிட்டு ஆட்கள் நிழலில் இருந்தார்கள். நான் ஒரு செட்டில் பெற்றோலுக்கு, அப்பா இன்னொன்றில் மண்ணெண்ணெய்க்கு. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தேன். அறுபத்தெட்டு வயது மனுசன் வெறும் கானுக்குப் பக்கத்தில் சுவரோடு சாய்ந்து நித்திரையாக இருந்தார். வாயில் ஈ.

அன்றிரவு கிணற்றில் கப்பி போட்டோம். அப்பா, அம்மா, நான். வாளியால் இறைத்து ஒரு தோட்டம் முழுக்க நனைக்க முடியாது. "விதைக்கு எடுக்கிற பாத்தியை மட்டும் பார்ப்பம்" என்றார் அப்பா. அவர் கை நடுங்கியது தெரிந்தும் வாளியை வாங்க எனக்குத் துணிவு வரவில்லை. வாங்கினால் கோபிப்பார். இரண்டு கிழமை அப்படி. விதை வெங்காயம் தப்பியது. மிச்சம் மஞ்சளாகிப் படுத்தது. தோட்டத்துக்குப் போகிற ஒவ்வொரு இரவும் அந்தப் பதினான்கு தகடுகளுக்குக் கீழாகத்தான் படலையைத் திறந்து வெளியே போனோம்.

ஜூலையில் QR முறை வந்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். ஓகஸ்ட் 22 அன்று மண்ணெண்ணெய் 87இலிருந்து 340 ரூபாயானது. அப்பா மிசினைச் சாக்கால் மூடிக் கொட்டிலுக்குள் வைத்தார்.

அடுத்த வருடம், அம்மாவின் காப்பை அடைவு வைத்து, நேரே வெயிலில் ஓடுகிற பம்ப் ஒன்று வாங்கினோம். என்னைப் பேசவிடாமல் அப்பாவே கடைப் பெடியனிடம் கேட்டார்: "லைன் நிண்டால் இது ஓடுமோ?" அவன் சிரித்துவிட்டு, "இதுக்கு லைனே இல்லை ஐயா" என்றான். வெயில் இருந்தால் தண்ணீர். மழை மூடிய நாளில் ஓடாது, ஆனால் அன்றைக்கு இறைக்கவும் தேவையில்லை. ஒரே தொல்லை கள்ளர். தகட்டைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்று அப்பா தோட்டத்துக் கொட்டிலிலேயே படுக்கத் தொடங்கினார். அம்மாவுக்கு அதில் இன்றும் கோபம்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுக்கக் கரண்ட் போனது. பாணந்துறையில் ஒரு குரங்கு என்றார்கள். இரண்டு மாதம் கழித்துச் சித்திரை வருசம் வந்தது. விடுமுறையில் பாவனை குறைவு, வெயிலோ அதிகம், லைன் தாங்காது. ஆகவே ஏப்ரல் 13 முதல் 21 வரை பகல் நேரத்தில் கூரைச் சோலாரை நிறுத்திவைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. போனில் வந்த செய்தியை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"அண்டைக்கு இல்லையெண்டு நிண்டுது. இண்டைக்குக் கூடிப்போச்செண்டு நிப்பாட்டட்டாம்."

"நிப்பாட்டவோ அப்பா?"

"நீதானே பூட்டினது. நீயே போய்ப் பார்."

மண்வெட்டியை எடுத்துச் சைக்கிளில் வைத்துக்கொண்டு புறப்பட்டார். நான் பின்வளவுக்குப் போய் பிரேக்கரைக் கீழே இழுத்தேன். இன்வேர்ட்டரில் பச்சை விளக்கு அணைந்தது. தேத்தண்ணீர் குடித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனபோது பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா வாய்க்காலை வெட்டித் தண்ணீரை அடுத்த பாத்திக்குத் திருப்பிக்கொண்டிருந்தார்.