சுவருக்குள் இருக்கும் உப்பு

மீஞ்சூரிலிருந்து பழவேற்காடு வரை உள்ள பழைய காரை வீடுகளில் உட்சுவர் அழுக்கேறிவிட்டால், ஒரு வாளித் தண்ணீரும் சோப்புத் தூளும் தேங்காய் நாருமாக இறங்கித் தேய்ப்பதுதான் வழக்கமாகிவிட்டது. இந்தப் பக்கத்துச் சுவர்களுக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை என்பது என் கட்சி. சுவரை அருகில் போய்ப் பார்த்தால் அழுக்கு இரண்டு வகை என்பது தெரியும். தலைக்கு மேலே இருப்பது ஒட்டடையும் அடுப்புக் கரியும், அத்திப்பட்டுப் பக்கம் என்றால் அனல்மின் நிலையச் சாம்பலும். அவை வெளியிலிருந்து வந்து படிந்தவை. முழங்கால் உயரத்துக்குக் கீழே இருப்பது வேறு. அங்கே சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக எழும்பியிருக்கும். விரலால் தொட்டால் கோலமாவு போல ஒரு வெள்ளைத் தூள் ஒட்டும். அது சுவரின் உள்ளிருந்து வெளியே வந்த உப்பு.

கடலோர மண்ணின் ஈரம் அஸ்திவாரத்தின் வழியே செங்கல்லில் ஏறும்போது உப்பையும் கரைத்துக்கொண்டு ஏறுகிறது. காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினாலே சோற்றுப்பு நீரை இழுத்துக் கரைந்துவிடும். பழவேற்காட்டு ஏரிக்கரை இரவுகளில் அந்த அளவு சர்வசாதாரணம். பகல் காற்றில் உப்பு மறுபடி படிகமாகிறது. ஒவ்வொரு முறை படிகமாகும்போதும் காரையின் மணலை உள்ளிருந்து நெட்டித் தள்ளுகிறது. இப்படிப்பட்ட சுவரில் தண்ணீரை ஊற்றித் தேய்த்தால் மேலே நின்ற உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். இரண்டு நாள் பளிச்சென்று இருக்கும் சுவர் பிறகு முன்னைவிட மோசமாகப் பொரியும். ஊற்றுகிற தண்ணீரும் யோசிக்க வேண்டிய விஷயம். சென்னையின் தாகத்துக்காக மீஞ்சூர் வட்டாரத்து நிலத்தடி நீரை இறைத்ததில் கடல்நீர் உள்ளே புகுந்தது 1960களின் முடிவிலேயே கண்டறியப்பட்டுவிட்டது. பக்கத்துக் காட்டுப்பள்ளியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலை 2010இல் தொடங்கப்பட்டது. ஆனால் பல வீடுகளின் போர்த்தண்ணீர் இன்னும் கரிக்கத்தான் கரிக்கிறது. அந்தத் தண்ணீரால் சுவரைக் கழுவுவது சுவருக்கு உப்புப் பூசுவதுதான்.

ஆகவே உலர்ந்த கையால்தான் தொடங்க வேண்டும். ஒட்டடைக்கம்பால் மேலிருந்து கீழாக இறக்கி, மெத்தென்ற பிரஷ்ஷால் உப்பைத் தட்டி, சுவரடியில் விரித்த காகிதத்தில் பிடித்து வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். சுவரடியிலேயே விட்டால் அடுத்த ஈரத்தில் அது மறுபடி ஏறிவிடும். கரியையும் முதலில் உலர்ந்த துணியால்தான் துடைக்க வேண்டும். வத்திக்கானின் சிஸ்டைன் தேவாலயத்தில் சுண்ணாம்புக் காரைமேல் தீட்டிய ஓவியங்களைக்கூட 1625இல் துணியாலும் ரொட்டியாலும் தேய்த்துத்தான் சுத்தம் செய்தார்கள். அடுப்படியின் எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் விலக்கு. அதற்குப் பிழிந்த சோப்புத் துணி வேண்டும், ஏனெனில் அதை எடுக்காமல் எதை அடித்தாலும் பழுப்புக் கறை மேலே வந்துவிடும். இவ்வளவுக்கும் பிறகு சுண்ணாம்பு.

சுண்ணாம்புக் கரைசலிலும் தண்ணீர் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் கொஞ்சம். அது நல்ல தண்ணீராகவும் இருக்க வேண்டும். எமல்ஷன் அடித்தால் துடைத்துக்கொள்ளலாமே என்பது இன்னும் பலமான கேள்வி. எமல்ஷன் சுவரின் மேல் ஒரு தோலாகப் படிகிறது. வெளியேற வழியில்லாத ஈரம் அந்தத் தோலைக் கொப்புளமாகத் தூக்கும், அல்லது இன்னும் உயரே ஏறும். சிமெண்ட் பூச்சும் காரைச் சுவருக்கு அதையேதான் செய்கிறது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி இறுகினாலும் அதன் துளைகள் அடைபடுவதில்லை, ஈரம் வெளியே போய்விடும். அதன் காரத்தில் பூஞ்சையும் எளிதில் பிடிக்காது. துணியில் ஒட்டுகிறதே என்பது உண்மையான குறைதான். கெட்டியாக ஒரே தடவையில் அடிக்காமல், நீர்க்கக் கரைத்து மூன்று நான்கு முறை அடித்தால் அது வெகுவாகக் குறையும். ஏரியின் கிளிஞ்சலைச் சுட்டுத்தானே சுண்ணாம்பு, அதற்காக ஏரியைத் தோண்டுவதா என்பவர்களுக்கு என் பதில், தோண்டவே வேண்டாம். சுண்ணாம்புக் கல்லைச் சுட்டாலும் கிடைப்பது அதே பொருள்தான். வருஷா வருஷம் யார் அடிப்பது என்ற கேள்வியைத்தான் என்னால் லேசாகத் தள்ள முடியவில்லை, அந்த வேலையில் பெரும்பங்கு வீட்டுப் பெண்கள் தலையில் விழுகிறது. ஆனாலும் உதிர்ந்த காரையைக் கொத்தி மறுபடி பூசக் கொத்தனாருக்குக் கொடுக்கும் கூலியை நினைத்தால், பொங்கலுக்கு முன் ஒரு நாள் மட்டையும் சுண்ணாம்புமாக வீட்டில் எல்லோரும் நிற்பது எவ்வளவோ மேல். ஏற்கெனவே எமல்ஷன் அடித்த சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது. அங்கே கீழ்ப்பகுதியையாவது சுரண்டியெடுத்து, ஒரு கோடை முழுக்கக் காயவிட்டு, பிறகு அடிக்க வேண்டும்.