வாயும் வாழ்வும்

நான் திருப்பதிக்குப் படிக்கப் புறப்பட்ட அன்று, சித்தூரில் எங்கள் சபைப் பெரியவர் ஒருவர் என் தலைமேல் கை வைத்து, "தம்பி, போகிற இடத்தில் சாட்சியாக இரு" என்று சொல்லி அனுப்பினார். ஆர்க்காட்டு மிஷன் தொண்டர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வந்து பணி செய்த ஊர் சித்தூர். அங்கே இது வழக்கமான வாழ்த்துத்தான். சாட்சி என்றால் பேசுவது என்று நான் பொருள் கொண்டேன். அந்தப் பிழையைத் திருத்திக்கொள்ள எனக்கு ஓராண்டு ஆயிற்று.

விடுதியில் எனக்கு வாய்த்த அறைத் தோழன் திருத்தணிப் பக்கத்தவன். வந்த ஒரு மாதத்திற்குள் அலிபிரிப் படியேறித் திருமலைக்குச் சென்று, தலையை மழித்துக்கொண்டு திரும்பினான். பேசுவதற்கு நல்ல வாய்ப்பு என்று எண்ணிய நான், "கடவுள் கேட்பது உள்ளத்தை, நீ மயிரைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாயே!" என்றேன். அவன் சிறிது நேரம் வாய் திறக்கவில்லை. பிறகு, "அம்மாவுக்கு அறுவைச் சிகிச்சை நடந்த அன்று வேண்டிக்கொண்டது. அம்மா பிழைத்துவிட்டாள்" என்று மட்டும் சொல்லி விளக்கை அணைத்தான். எனக்கு உறக்கம் வரவில்லை. ஆயினும் மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை. உண்மையைத்தானே சொன்னோம் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

சில நாள் கழித்து, அவனே தன் ஊரில் பிறந்த பெரியார் ஒருவரைப் பற்றிப் பேச்செடுத்தான். டாக்டர் இராதாகிருஷ்ணன் 1888இல் திருத்தணியில் பிறந்தவர். 1896 முதல் 1900 வரை இதே திருப்பதியில் லூத்தரன் மிஷன் பள்ளியில் படித்தார். பின்பு வேலூர் ஊரிசுக் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்றார். கிறிஸ்தவர்கள் இந்து சமயத்தைக் குறை கூறியதே, அதை ஆழ்ந்து கற்கத் தம்மைத் தூண்டியது என்று பின்னாளில் அவரே எழுதினார். "உன் பேச்சாலும் அதே பயன்தான். நானும் கீதையைப் படிக்கத் தொடங்கிவிட்டேன்" என்று நண்பன் சிரித்தான்.

நானும் தேடிப் படித்தேன். அதே கிறிஸ்தவக் கல்லூரியில் ஏ. ஜி. ஹாக் என்ற பேராசிரியர் இருந்தார். வேதாந்தத்தின் அறநெறி குறித்து அம்மாணவர் எழுதிய ஆய்வுரை 1908இல் வெளிவந்தது. ஹாக் கிறிஸ்தவர், எனினும் அவ்வுரையை நேர்மையோடு எடைபோட்டுப் பெரிதும் பாராட்டினார். குறை கூறியவர்கள், நேர்மை காட்டியவர் ஆகிய இரு திறத்தாரில் சாட்சியாக நின்றவர் யார்? விடை எனக்குத் தெரிந்தது. ஆனால் அது ஏட்டளவில் நின்ற அறிவு.

ஏட்டை விட்டு அது இறங்கியது ஆய்வுக்கூடத்தில். அமிலத்தில் எஸ்டர் சிதையும் வேகத்தை அளக்கும் சோதனை அது. பத்து நிமிடத்திற்கு ஒருமுறை கலவையில் சிறிது எடுத்து, பியூரெட்டிலிருந்து காரம் விட்டு அளவு குறிக்க வேண்டும். அன்று மாலை எனக்குப் பிரார்த்தனைக் கூட்டம். நேரமாயிற்று என்று, கடைசி நான்கு அளவுகளை ஊகித்து எழுதிவிட்டுப் போய்விட்டேன். இரவு நண்பன் என் வரைபடத்தைப் பார்த்தான். "முதல் புள்ளிகள் அங்குமிங்கும் இருக்கின்றன. கடைசி நான்கும் நூல் பிடித்தாற்போல் விழுந்திருக்கின்றனவே, ஜெபம் செய்ததன் பலனா?" என்று கேட்டான்.

அவன் கேலியாகத்தான் கேட்டான். எனக்கு அது சாட்டையடி. கிறிஸ்துவைப் பற்றிப் பேசக் கூட்டத்துக்கு ஓடியவன், ஓடுவதற்காகப் பொய் எழுதியிருக்கிறேன்! மறுநாள் ஆசிரியரிடம் சென்று உள்ளதைச் சொன்னேன். அவர் சினக்கவில்லை. அந்தச் சோதனைக்கு மதிப்பெண் இல்லை என்றார். முதலிலிருந்து மீண்டும் செய்யச் சொன்னார். செய்தேன். இம்முறை கோடு அவ்வளவு நேராக வரவில்லை.

அன்றிரவு நண்பன் கேட்டான்: "அவர் கண்டுபிடிக்கவே இல்லையே, ஏன் போய்ச் சொன்னாய்?" ஓராண்டில் அவன் என் சமயத்தை நோக்கிக் கேட்ட முதல் கேள்வி அது. தவறியவனையும் தள்ளிவிடாத ஒருவரை நம்புகிறேன், அவர் முன் பொய்யோடு நிற்க இயலவில்லை என்று சொன்னேன். ஐந்து நிமிடம்கூட ஆகியிராது. அதோடு, அவன் மழித்த தலையைப் பழித்ததற்கும் மன்னிப்புக் கேட்டேன். "அதை நீ மறந்துவிட்டாய் என்று நினைத்திருந்தேன்" என்றான்.

தோழர்களே, சமயத்தைப் பரப்பும் உரிமையை நம் அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு தருகிறது. பிறரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழிபாட்டுத் தலங்களில் வேற்று மதப் பிரசாரத்தைத் தடுத்து 2007இல் ஆந்திர அரசு சட்டம் செய்தது. இவற்றால் வருந்துவோர் எங்களுள் உண்டு. ஆனால் பேதுரு தம் நிருபத்தில் சொல்வது என்ன? கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் மரியாதையோடும் விடை சொல்லுங்கள் என்பதே. எவரையும் கேட்கத் தூண்டாத வாழ்வை வைத்துக்கொண்டு, வாயை மட்டும் திறப்பதில் என்ன பயன்?

என் நண்பன் கிறிஸ்தவன் ஆகவில்லை. சென்ற மாதம் மீண்டும் திருமலைக்குப் புறப்பட்டான். அவன் தாய்க்கு மறுபடியும் உடல் நலமில்லை. அலிபிரி வரை நானும் உடன் சென்றேன். முதற்படியில் அவன் கால் வைக்குமுன், "அம்மாவுக்காக நானும் ஜெபிக்கிறேன்" என்றேன்.

"மறக்காமல் செய்" என்று சொல்லிவிட்டு அவன் படியேறினான்.