ஒரு பிடி அரிசி



"கடவுளை நம்பு" என்று சொல்வது எளிது. மழைக்காலத்தில் பால்மரத் தோட்டத்தில் குடும்பம் நடத்தியவர்களுக்குத்தான் அதன் கனம் தெரியும். நவம்பர் பிறந்துவிட்டால் ஜொகூரில் வடகிழக்குப் பருவமழை. மரப்பட்டை ஈரமாக இருந்தால் வெட்டு இல்லை. வெட்டிய பிறகு மழை வந்தால் மங்கில் இருக்கும் பாலும் வீண். மழை ஓய்ந்தால் மரம் இலை உதிர்க்கும், பால் குறையும். கூலி சுருங்கும், மளிகைக் கடைக் கணக்கோ ஏறும்.

இன்று பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. ஆனால் மாதக் கடைசிக் கவலை மட்டும் மாறவில்லை. என்னிடம் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் முகத்தில் அதை நான் பார்க்கிறேன்.

என் சிறுவயதில் எங்கள் லயத்தில் ஒரு பாட்டி இருந்தார். உலை வைக்குமுன் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து மைலோ டின்னில் போடுவார். அது ஞாயிறு காணிக்கைக்கு. மழை மாதத்திலும் அது நிற்காது. "ஒங்களுக்கே பத்தலியே பாட்டி?" என்று பெண்கள் கேட்பார்கள். "மிஞ்சுனதப் போட நம்பிக்கை எதுக்கும்மா?" என்பார்.

இந்தப் பழக்கம் பெரிய வேலைகளையும் செய்திருக்கிறது. 1903இல் திருநெல்வேலித் தமிழ்க் கிறிஸ்தவர்கள் சொந்தக் காசில் ஒரு மிஷனெரி சங்கம் தொடங்கினார்கள். அதில் முன்நின்றவர் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் அசரியா. தெலுங்கு நாட்டில் தோர்னக்கல்லுக்கு ஊழியம் செய்யப் போன அவர், 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். அங்கிருந்த சபையார் பெரும்பாலும் ஏழைக் கூலிகள். அந்தப் பெண்கள் சமைக்கும்போது எடுத்து வைத்த பிடியரிசியும் சபையைத் தாங்கியது. மிசோரத்தில் 1910இல் தொடங்கிய இதே வழக்கம் நூறாண்டு கடந்தும் தொடர்கிறது.

நம்பினால் துன்பமே வராது என்று நான் சொல்லவில்லை. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரில் அடுத்தடுத்து வெள்ளம் வந்தது. கோத்தா திங்கி, சிகாமட் முதலிய இடங்களில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் துயர்துடைப்பு மையங்களுக்குப் போனார்கள். தண்ணீர் ஜெபிப்பவர் வீடு, ஜெபிக்காதவர் வீடு என்று பார்த்து நுழையவில்லை.

நம்புவது என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் அல்ல. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு மன்னா கிடைத்தது. ஆனால் விடியற்காலையில் எழுந்து அவர்கள்தான் பொறுக்க வேண்டும். வெயில் ஏறினால் உருகிவிடும். பேராசைப்பட்டு மறுநாளுக்கு வைத்தால் புழுத்துவிடும். இருட்டோடு எழுந்து மரத்துக்குப் போன நம் பெற்றோருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. இன்றைய வேலை நம்முடையது, நாளைய நாள் ஆண்டவருடையது.

சாறிபாத்து ஊர் விதவையை நினைத்துப் பாருங்கள். பானையில் ஒரு பிடி மாவுதான் இருந்தது. எலியாவுக்குக் கொடுத்த பிறகும் அது மூட்டையாகப் பெருகவில்லை; தீராமல் மட்டும் இருந்தது. பெரும்பாலும் நமக்குக் கிடைக்கும் பதிலும் அப்படித்தான். மாதம் கழிந்தபின் திரும்பிப் பார்த்தால், எப்படியோ கழிந்திருக்கும்.

ஆகவே பெரிய விசுவாசம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். நாளைக் காலை அரிசி அளக்கும்போது ஒரு பிடியைத் தனியே வையுங்கள். கோயிலுக்குக் கொடுங்கள்; அல்லது அடுப்பு எரியாத பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். கை பழகப் பழக மனமும் பழகிவிடும்.