பந்தலுக்கு வந்த விருந்தாளி

திருமண வீட்டுக்கு வரும் விருந்தினருள் இரு வகையினர் உண்டு. பந்தியில் அமர்ந்து உண்டு, மொய் எழுதி, தாம்பூலம் பெற்று விடைபெறுவோர் ஒரு வகையினர். இலை குறைகிறது என்றால் ஓடிச் சென்று வாங்கி வருவோரும், முதியவர் நிற்கக் கண்டால் நாற்காலி தேடித் தருவோரும் மற்றொரு வகையினர். இதழ்களின் திருமணப் பகுதிக்கு, அழைப்பின் பேரில் எழுதுவோரையும் இவ்வாறே பிரித்துவிடலாம் என்பது நம் அனுபவம். நாம் முதலில் உண்டு செல்லும் விருந்தாளியாகவே எழுதினோம். அதனால் ஒரு குடும்பத்துக்கு நேர்ந்த இடரையும், அதிலிருந்து நாம் கற்ற பாடத்தையும் அன்பர்கள் முன் வைப்பது நம் கடமை.

சில ஆண்டுகளுக்கு முன், தில்லியில் சிற்றிதழ் ஒன்றை நடத்தி வந்த நண்பர் நம் இல்லம் வந்தார். "திருமணப் பகுதிக்கு வெளியிலிருந்து ஒருவரை அழைத்து எழுதச் செய்கிறோம். அடுத்த மூன்று மாதங்களும் தாங்கள்தான் எழுத வேண்டும்" என்றார். நாம் வழக்குரைஞரும் அல்லோம்; புரோகிதரும் அல்லோம். முப்பது ஆண்டுகள் அரசு அலுவலகக் கோப்புகளோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவர்கள். எனினும், எழுதச் சொன்னால் மறுக்கும் துணிவு தமிழனுக்கு ஏது? ஒப்புக்கொண்டோம்.

முதற் கட்டுரைக்குத் 'தமிழர் திருமணம்' என்று தலைப்பிட்டோம். வாயிலில் வாழை மரம், காஜிப்பூர் பூச்சந்தையில் விடியற்காலையில் வாங்கி வந்த மலர்கள், நாதசுர இசை, காசி யாத்திரை, ஊஞ்சல், மாலை மாற்றல் என்று வருணித்துத் தள்ளினோம். பலரும் பாராட்டினர். மயூர் விகாரிலிருந்து ஓர் அம்மையார் மட்டும் கடிதம் எழுதியிருந்தார். "தாங்கள் எழுதியது ஒரு சமூகத்தாரின் திருமணம். எங்கள் இல்லத்தில் காசி யாத்திரையும் இல்லை, ஊஞ்சலும் இல்லை. பரிசம் போடுதலும், அரசாணிக்கால் நடுதலும், தாய்மாமன் சீரும்தான் உண்டு. தமிழ் பேசும் கிறித்தவர்க்கும் இசுலாமியர்க்கும் திருமணமே நடப்பதில்லையா?" என்பது அக்கடிதத்தின் சாரம். நியாயமான கேள்வி. இரண்டாம் கட்டுரையில் வழக்கங்களை அவரவர்க்கு உரியனவாகப் பிரித்து எழுதிப் பிழையை ஒருவாறு நேர் செய்தோம். அத்துடன் நம் அறியாமை தீர்ந்துவிட்டது என்றும் எண்ணிக்கொண்டோம்.

மூன்றாம் கட்டுரை சீர்திருத்தத் திருமணம் பற்றியது. சடங்கும் ஆடம்பரமும் இல்லாமல், உற்றார் முன்னிலையில் தாய்மொழியில் உறுதிமொழி கூறி மாலை மாற்றிக்கொள்ளும் முறையை மிகவும் போற்றி எழுதினோம். அண்ணா முதலமைச்சராக இருந்த 1967-ஆம் ஆண்டில் அதற்குச் சட்ட ஏற்பும் கிடைத்துவிட்டது என்றோம். "ஆகவே, இரண்டு மாலைகளும் நாலு பேர் சாட்சியும் போதும், திருமணம் சட்டப்படி நிறைவேறிவிடும்" என்று முடித்தோம். அந்தக் கடைசி வாக்கியத்தை எழுதியபோது நமக்கு ஏற்பட்ட பெருமிதம் இன்றும் நினைவில் இருக்கிறது.

அக்கட்டுரையைப் படித்த அன்பர் ஒருவர், தம் மகளின் திருமணத்தைத் தில்லியிலேயே அம்முறையில் நடத்தினார். நம்மை முன் வரிசையில் அமர்த்தினார்கள். மணமக்கள் எழுந்து நின்று, நடுங்கும் குரலில் தமிழில் உறுதிமொழி கூறினர். தில்லியிலேயே பிறந்து வளர்ந்த அப்பெண், ஒரு சொல்லும் பிசகாமல் கூறியது கேட்டு நம் இல்லாள் கண் கலங்கினாள்.

இரண்டு வாரம் சென்றிருக்கும். அன்பர் மகளுடன் நம் வீட்டுக்கு வந்தார். மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை. மனைவியை உடன் அழைத்துச் செல்லத் திருமணப் பதிவுச் சான்று வேண்டும். பதிவு அலுவலகத்தில், "எந்தச் சடங்கின்படி மணம் நடந்தது? ஏழடி வைத்தீர்களா? நடத்தி வைத்த புரோகிதரின் சான்று எங்கே?" என்று கேட்டிருக்கிறார்கள். அன்பர் நம் கட்டுரையைக் கத்தரித்து எடுத்துச் சென்றிருந்தார். அதை எடுத்து நீட்டி, 1967-ஆம் ஆண்டுச் சட்டம் என்று சொல்லியிருக்கிறார். அங்கிருந்தவர், "அது உங்கள் மாநிலச் சட்டமல்லவா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.

"தாங்கள் எழுதியதை நம்பித்தான் சார் செய்தோம்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் நமக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். இல்லாள் கொண்டு வந்து வைத்த காப்பி ஆறிப் போயிற்று.

அன்று மாலையே வழக்குரைஞர் நண்பரிடம் சென்றோம். எழுதுவதற்கு முன் படித்திருக்க வேண்டியதை எழுதிய பின் படித்தோம். 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் 7-ஆம் பிரிவு, மணமக்களில் ஒருவரது வழக்கப்படியான சடங்குகளுடன் திருமணம் நடத்தலாம் என்கிறது. ஏழடி வைத்தல் அச்சடங்குகளில் அடங்கியிருந்தால், ஏழாவது அடியில்தான் மணம் முழுமை பெறும். உறுதிமொழியாலோ, மாலை மாற்றியோ, மோதிரம் அணிவித்தோ, தாலி கட்டியோ நடத்தும் சுயமரியாதை, சீர்திருத்தத் திருமணங்களை ஏற்பது 7-ஏ பிரிவு. அது 1967-ஆம் ஆண்டில் தமிழகச் சட்டமன்றம் செய்த திருத்தம். தமிழகத்தில் நடக்கும் மணத்துக்கு அது அரணாக நிற்கும். தில்லியில் நடத்திய மணத்துக்கு அதைக் காட்ட முயன்றால் கேள்வி எழும். நாம் விட்டுவிட்டது 'தமிழகத்தில்' என்ற ஒரு சொல். நாடு முழுதும் பரந்து வாழும் குடும்பங்களுக்கென்று எழுதிய கட்டுரையில் விடக்கூடாத சொல் அது ஒன்றுதான்.

வழி இல்லாமல் இல்லை. வேறு முறையில் ஏற்கெனவே நடந்த திருமணத்தையும் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்ய இடமுண்டு. ஆனால், விண்ணப்பம் கொடுத்தபின் பொது அறிவிப்பு வைத்து, ஆட்சேபங்களுக்காக முப்பது நாள் காத்திருக்க வேண்டும். மூன்று சாட்சிகளும் வேண்டும். மாப்பிள்ளையின் விடுப்போ அதற்குள் முடிந்துவிடும். பதிவுக்காக அவர் மீண்டும் ஒருமுறை வந்து திரும்ப வேண்டியதாயிற்று. பயணச் செலவை நாம் ஏற்பதாகச் சொன்னோம், அன்பர் இசையவில்லை.

மாப்பிள்ளை தனியே புறப்பட்ட இரவு, விமான நிலையத்துக்கு நாமும் சென்றிருந்தோம். புது மணப்பெண் கையசைத்துக்கொண்டு வெளியிலேயே நின்றாள். திரும்பும் வழியில் அவள் நம்மிடம் சொன்னது ஒன்றே ஒன்று: "அங்கிள், அந்தக் கட்டுரையைத் திருத்தி எழுதிவிடுங்கள். எங்களைப் போல இன்னும் யாராவது படித்துவிட்டுச் செய்வார்கள்."

ஆசிரிய நண்பர், கடைசிப் பக்கத்தில் நான்கு வரித் திருத்தம் போதும் என்றார். கட்டுரை வந்த அதே இடத்தில், அதே அளவில் வேண்டும் என்று வற்புறுத்தினோம். அவ்வாறே வந்தது. நாம் எழுதியவற்றுள் பாராட்டுக் கடிதம் வராத கட்டுரை அது. ஆயினும், அதைப் படித்துவிட்டு விவரம் கேட்டு வந்தவர்கள் பலர்.

அதற்குப் பின்னும் அழைப்பு வரும்போதெல்லாம் திருமணம் பற்றி எழுதுகிறோம். எழுதுமுன் சிலவற்றைப் பார்த்துக்கொள்கிறோம். வழக்கம் எதைக் கூறினாலும் அது யாருடைய வழக்கம் என்று குறிக்கிறோம். சட்டம் எதைக் கூறினாலும் அதன் ஆண்டையும் அது செல்லும் எல்லையையும் சேர்த்தே எழுதுகிறோம். ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்வதானால் அவர்கள் இசைவைக் கேட்டுக்கொள்கிறோம், இக்கட்டுரைக்கும் கேட்டோம். சட்டமும் தீர்ப்புகளும் தேங்கி நிற்பவை அல்ல என்பதால், பழைய குறிப்பை நம்பி எழுதுவதில்லை. எல்லாத் திருமணங்களும் பதிவு செய்யப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006-ல் கூறியது. உரிய சடங்கு எதுவும் நடவாதபோது வெறும் பதிவுச் சான்று மட்டும் இந்து திருமணத்தை உண்டாக்காது என்று 2024-ல் அதே நீதிமன்றம் கூறியது. இரண்டில் ஒன்றை மட்டும் படித்தவன் பாதி உண்மையைத்தான் எழுதுவான். பாதி உண்மை என்ன செய்யும் என்பதை நாம் விமான நிலைய வாயிலில் பார்த்துவிட்டோம்.

ஊரில் இருப்போர்க்கு ஐயம் வந்தால் கேட்டறியப் பெரியப்பா இருப்பார், அத்தை இருப்பாள், தெருக்கோடியில் விவரம் தெரிந்தவர் ஒருவர் இருப்பார். வெளிமாநிலத்தில் வாழும் நம் குடும்பங்களுக்குப் பல வேளைகளில் இதழின் பக்கமே பெரியப்பாவாகவும் அத்தையாகவும் இருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. அச்சில் வந்ததை நம் மக்கள் அத்துணை நம்புகிறார்கள். ஆதலால், திருமணப் பகுதிக்கு எழுத அழைப்புப் பெறும் அன்பர்கள் தயங்காமல் எழுதுங்கள்; பூவையும் பந்தலையும் ஆசை தீர வருணியுங்கள். அனுப்புவதற்கு முன், இதை நம்பி நாளை ஒருவர் தம் மகளுக்கு மாலை எடுத்துக் கொடுக்கப் போகிறார் என்று எண்ணி இன்னொரு முறை படித்துப் பாருங்கள்.

அப்பெண் இப்போது கணவருடன் நலமாக இருக்கிறாள். பொங்கல் தோறும் வாழ்த்து அனுப்புகிறாள். நம் கட்டுரை எதுவும் வந்தால் அனுப்பிவைக்குமாறு கேட்கிறாள். இதையும் அனுப்புவோம்.