வாளியில் தொடங்கும் பீர்

இங்கிலாந்தின் நடுப்பகுதியில், டிரென்ட் ஆற்றின் கரையில் இருக்கிறது பர்ட்டன். ஊருக்கு அடியில் ஜிப்சம் படிந்து கிடப்பதால் இங்கே கிணற்று நீரில் கால்சியம் சல்ஃபேட் மிகுதி. ஹாப்ஸ் பூவின் கசப்பை அந்த நீர் தெளிவாக எடுத்துக் கொடுக்கும். ஆல்சாப், பாஸ் போன்ற ஆலைகள் 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கப்பலேற்றிய வெளிறிய ஏல் பீர் இந்த நீரில் காய்ச்சியதுதான். இன்றும் காற்று திரும்பினால் தெருவில் மால்ட் வாசனை, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியின் வாசனை வரும். அந்தப் பெரிய ஆலைகளைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். நான் தேடிப் போனது, வீட்டுச் சமையலறையில் பீர் காய்ச்சுகிறவர்களுக்குச் சாமான் விற்கும் ஒரு சிறு கடையை.

வீட்டில் பீர் காய்ச்சுவதற்கு 1880இல் கிளாட்ஸ்டன் அரசு உரிமம் கேட்டது. 1963இல் நிதியமைச்சர் ரெஜினால்ட் மவுட்லிங் அதை நீக்கினார். அன்றிலிருந்து சொந்தக் குடிப்புக்கு உரிமம் இல்லாமலே காய்ச்சிக்கொள்ளலாம். விற்கப் போனால்தான் பதிவும் வரியும். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பூட்ஸ் மருந்துக் கடைகளிலேயே மால்ட் டின்கள் அடுக்கி வைத்திருந்தார்கள். பிறகு வில்கோ கடைகளில் வாளியும் டின்னும் மலிவாகக் கிடைத்தன. 2023இல் வில்கோ கடைகளும் மூடப்பட்டன. இப்போது புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இணையத்தில் வாங்குகிறார்கள். எந்தப் பொருளைப் பற்றியும் உங்களுக்கு இது வேண்டாம் என்று இணையம் சொல்வதில்லை. அதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்பதை அந்தக் கடையில் நின்றபோதுதான் முழுதாக உணர்ந்தேன்.

கடையை நடத்தும் பெண்மணிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பீர் ஆலை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தொட்டியிலிருந்து எடுத்த மாதிரியைத் தட்டில் வளர்த்து, அதில் வேண்டாத கிருமி எது முளைத்திருக்கிறது என்று பார்ப்பதுதான் அவர் வேலையாக இருந்திருக்கிறது. நான் போனபோது ஓர் இளம் தம்பதி உள்ளே இருந்தார்கள். கணவரின் கண் பளபளக்கும் மின்சாரக் கலம் ஒன்றின் மேலேயே இருந்தது. மால்ட்டை ஊறவைப்பது, வடிப்பது, கொதிக்க வைப்பது எல்லாம் ஒரே பாத்திரத்தில் நடக்கும். நியூசிலாந்தின் கிரெயின்ஃபாதர் போன்ற கலங்கள் வந்த பிறகு இந்த வகை மிகவும் பரவியிருக்கிறது. விலை பல நூறு பவுண்டு.

“நல்ல கலம். குறை சொல்ல மாட்டேன். ஆனா இதை இப்ப வாங்காதீங்க” என்றார் அவர்.

அவர் எடுத்து வைத்தது ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் வாளி. உணவுத் தரப் பிளாஸ்டிக், முப்பது லிட்டர் கொள்ளளவு, இறுக்கமான மூடி. காய்ச்சப் போவது 23 லிட்டர்தான், அதாவது நாற்பது பைன்ட். மீதி இடம் நுரைக்கு. ஈஸ்ட் மும்முரமாக வேலை செய்யும் முதல் இரண்டு மூன்று நாட்களில் நுரை ஒரு சாண் வரை எழும்பும். இடம் விடாவிட்டால் மூடியைத் தள்ளிக்கொண்டு தரையில் வழியும்.

பிறகு அவர் அந்தத் தம்பதிக்குச் சொன்ன விளக்கத்தை நான் குறிப்பேட்டில் அப்படியே எழுதிக்கொண்டேன். பீர் காய்ச்சும் வேலைக்குச் சூடான பாதி, குளிர்ந்த பாதி என்று இரண்டு பாதி உண்டு. மால்ட்டை 65 முதல் 68 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்துச் சர்க்கரையை இறக்குவது, வடித்த இனிப்பு நீரை ஹாப்ஸோடு ஒரு மணி நேரம் கொதிக்க வைப்பது, இவை சூடான பாதி. கொதி எல்லாக் குற்றத்தையும் மன்னித்துவிடும்; பாத்திரம் பழையதாக இருந்தாலும் அடுப்பு சுமாராக இருந்தாலும் பீர் வரும். அந்த இனிப்பு நீர் ஆறிய நிமிடத்திலிருந்து நிலைமை மாறுகிறது. இனிப்பு நீருக்கு ‘வோர்ட்’ என்று பெயர். ஈஸ்ட்டுக்கு அது எவ்வளவு நல்ல உணவோ, லாக்டிக் பாக்டீரியாவுக்கும் அவ்வளவு நல்ல உணவு. அதற்குப் பின் அதைத் தொடும் வாளி, கரண்டி, குழாய், மூடி, பாட்டில் எல்லாம் குளிர்ந்த பாதியைச் சேர்ந்தவை. கெடுவது இங்கேதான். முதல் பணத்தைப் போட வேண்டியதும் இங்கேதான்.

முதல் முறைக்குச் சூடான பாதியையே விலைக்கு வாங்கிவிடலாம் என்பது அவர் கட்சி. தேன் பதத்துக்குச் சுண்டவைத்த மால்ட் சாறு, ஹாப்ஸின் கசப்பும் சேர்த்தே, டின்னில் வருகிறது. சஃபோக்கிலிருந்து மன்ட்டன்ஸ், ஆஸ்திரேலியாவிலிருந்து கூப்பர்ஸ். டின்னை வெந்நீரில் கரைத்து, சர்க்கரையோ இன்னும் கொஞ்சம் மால்ட் சாறோ சேர்த்து, தண்ணீரால் 23 லிட்டராக்கி, ஈஸ்ட் தூவினால் போதும். இதை மட்டமாகப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. சுத்தமும் வெப்பமும் கைவந்த பிறகு மால்ட் ஊறவைக்கப் பழகுவது எளிது. இரண்டையும் ஒரே நாளில் பழகுகிறவர், பீர் கெட்டால் எது கெடுத்தது என்று கண்டுபிடிக்க முடியாமல் தவிப்பார்.

வாளியின் அடியில் பொருத்தும் டேப் ஒன்றைக் கழற்றிக் காட்டினார். மறையின் இடுக்கில் காய்ந்த பிசுக்கு இருந்தது. விளக்கத்துக்காகவே வைத்திருக்கும் பழைய டேப் அது. “பீர் புளிச்சுப்போச்சுன்னு வர்றவங்க பாதிப் பேரு இதைக் கழட்டினதே இல்ல” என்றார். கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு என்பதில் அவர் கறாராக இருக்கிறார். பிசுக்கின் மேல் எந்த மருந்தை ஊற்றினாலும் அடியில் இருப்பது சாகாது. ஆகவே முதலில் காரம் கலந்த தூளில் ஊறவைத்து மென்மையான துணியால் துடைக்க வேண்டும். கம்பி நார் வாளியின் பக்கமே போகக் கூடாது. கீறல் விழுந்தால் அதற்குள் குடியேறுவதை வெளியே எடுக்க முடியாது. கழுவிய பிறகு ஸ்டார் சான் போன்ற அமிலக் கிருமிநீக்கி. பாஸ்பாரிக் அமிலம் சேர்ந்த அந்தக் கரைசலைச் சொன்ன அளவில் கலந்தால் மறுபடி அலச வேண்டியதில்லை. பூவாளிபோலத் தெளிக்கும் புட்டி ஒன்றில் ஊற்றிப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார். மொத்தச் சாமானில் விலை குறைந்தது இந்தப் புட்டி.

கண்ணாடிக் குடுவை அழகாக இருக்கிறதே என்று அந்த இளம் பெண் கேட்டார். ஈரக் கையில் வழுக்கும், உடைந்தால் கையைக் கிழிக்கும் என்று கடைக்காரப் பெண்மணி ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அடுத்து ஹைட்ரோமீட்டர். திரவத்தின் அடர்த்தியை அளக்கும் மெல்லிய கண்ணாடி மிதவை. 20 டிகிரியில் வெறும் தண்ணீர் 1.000 காட்ட வேண்டும். வாங்கிய அன்றே சரிபார்த்துக்கொள்ள வேண்டும். தொடக்கத்தில் 1.045 இருந்து கடைசியில் 1.010இல் நின்றால், இடைவெளியை 131ஆல் பெருக்கி மதுச் சதவீதம் சுமார் 4.6 என்று தெரிந்துகொள்ளலாம். இந்தக் கணக்கைவிட முக்கியமான பயன் ஒன்று உண்டு. மூடியில் பொருத்தும் ஏர்லாக்கில் குமிழி நின்றுவிட்டால் நொதித்தல் முடிந்தது என்று பலர் நம்புகிறார்கள். மூடி சரியாக இறுகாத வாளியில் குமிழி வராமலே நொதிக்கும். முடிந்த பிறகும் வெயில் பட்டால் குமிழி விடும். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் எடுத்த அளவு மாறாமல் இருந்தால்தான் பாட்டிலில் அடைக்கலாம். அவசரப்பட்டு அடைத்தால் மீதிச் சர்க்கரை பாட்டிலுக்குள் நொதித்து வாயு கட்டி, கண்ணாடி வெடித்துவிடும். ஆகவே இரண்டு ஹைட்ரோமீட்டர் வாங்கச் சொல்கிறார். ஒன்று எப்படியும் உடையும்.

பாட்டிலில் நுரை வருவதற்கு லிட்டருக்கு ஐந்தாறு கிராம் சர்க்கரை போதும். முதல் முறைக்குப் பிளாஸ்டிக் பாட்டிலே நல்லது என்று அவர் சொன்ன காரணம் எனக்கு மிகவும் பிடித்தது: விரலால் அமுக்கிப் பார்த்தாலே வாயு ஏறியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். கண்ணாடி வேண்டுமானால் பழுப்பு நிறம்தான். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து கெட்ட நாற்றம் வரும். பச்சைக் கண்ணாடி அதைத் தடுக்காது. சோடா மூடி அடிக்கும் கருவியில் இரு கைப்பிடி வகை மலிவு, மேசையில் நிற்கும் வகை உறுதி. நாற்பதுக்கு மேல் பாட்டில் அடிக்க வேண்டியிருப்பதால் நிற்பதையே நானும் பரிந்துரைப்பேன்.

அந்தக் கடையின் பழைய வாடிக்கையாளர் ஒருவர் என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். ரயில்வேயில் வேலை பார்த்தவர். கார் நிறுத்தும் கொட்டகையில் கார் இல்லை. ஒரு பழைய குளிர்சாதனப் பெட்டி நின்றது. அதற்குள் அதே போன்ற வெள்ளை வாளி. வாளியின் பக்கவாட்டில் ஒட்டிய உணரி, வெளியே ஒரு சிறு கட்டுப்பாட்டுப் பெட்டி. 19 டிகிரிக்கு மேல் போனால் குளிர்பெட்டி ஓடும், கீழே இறங்கினால் சூடேற்றும் பட்டை எரியும். நொதிக்கும்போது ஈஸ்ட் தானே சூட்டைக் கிளப்பும் என்பதால் வாளிக்குள் அறையைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதலாக இருக்கும். 25ஐத் தாண்டினால் பல ஏல் ஈஸ்ட்டுகள் பெயின்ட் கரைப்பான்போன்ற வாசனையைப் பீரில் விட்டுவிடும். பெட்டி அவருக்கு இலவசமாகக் கிடைத்தது. “நான் வாங்கினதுலேயே உருப்படியானது நான் காசு கொடுக்காததுதான்” என்று அதைத் தட்டிக்கொடுத்தார்.

ஈஸ்ட்டை மையமாக வைத்துக் கருவி செய்வது இந்த ஊருக்குப் புதிதில்லை. 1838இல் பீட்டர் வாக்கர் காப்புரிமை பெற்ற ‘யூனியன்’ அமைப்பில் ஓக் மரப் பீப்பாய்கள் வரிசையாகக் கிடக்கும். நொதிக்கும் நுரை ஒவ்வொரு பீப்பாயிலிருந்தும் வளைந்த குழாய் வழியாக மேலே உள்ள நீண்ட தொட்டிக்கு ஏறும். ஈஸ்ட் அங்கே தங்கிவிட, பீர் மட்டும் திரும்ப இறங்கும். மார்ஸ்டன்ஸ் ஆலை அதைக் கடைசிவரை காத்து, 2024இல் நிறுத்தியது. ஒரு தொகுதி பக்கத்து டெர்பிஷயரில் உள்ள தார்ன்பிரிட்ஜ் ஆலைக்குப் போய் அங்கே மறுபடி ஓடுகிறது. அந்த மரப் பீப்பாய்களைப் பழுது பார்த்து வந்த தச்சர்களின் கைவேலை இல்லாமல் அவை இத்தனை காலம் நின்றிருக்க முடியாது. நான் அதைச் சொன்னதும் ரயில்வேக்காரர் தலையாட்டினார். அவருடைய குளிர்பெட்டியும் அதே கேள்விக்குச் சொன்ன பதில்தான்: ஈஸ்ட்டுக்கு என்ன வேண்டும்?

ஓர் இடத்தில் இவரும் கடைக்காரப் பெண்மணியும் ஒத்துப்போவதில்லை. புதியவர் பத்து லிட்டரில் தொடங்கலாம் என்கிறார் இவர். சமையலறை அண்டாவும் மெல்லிய துணிப் பையும் இருந்தால் முதல் நாளே மால்ட்டிலிருந்து காய்ச்சலாம். பையில் மால்ட்டைக் கட்டி ஊறவைக்கும் இந்த முறையை ஆஸ்திரேலிய வீட்டுக் காய்ச்சாளர்கள் பரப்பினார்கள். குறைந்த அளவு என்பதால் கெட்டாலும் நட்டம் குறைவு. கழுவும் உழைப்பு பத்து லிட்டருக்கும் இருபத்து மூன்றுக்கும் ஒன்றுதான் என்பது கடைக்காரப் பெண்மணியின் வாதம். இரண்டையும் பார்த்த பிறகு நான் அவர் பக்கம் சாய்கிறேன், ஆனால் சிறு அடுப்பும் குறுகிய வீடும் உள்ளவருக்கு இவர் சொல்வதே பொருந்தும்.

அடுத்தடுத்து வாங்க வேண்டியவற்றில் இருவருக்கும் ஒரே வரிசை. வாளிக்குப் பின் வெப்பக் கட்டுப்பாடு. அதன் பின் முப்பது லிட்டர் கொதிகலன், கூடவே கொதித்ததை விரைவாக ஆற்றச் செப்புக் குழாய்ச் சுருள். பாட்டில் கழுவிச் சலித்த பிறகு அழுத்தப் பீப்பாய். பளபளக்கும் மின்சாரக் கலம் கடைசி. பிரிட்டனின் 13 ஆம்பியர் பிளக்கில் மூன்று கிலோவாட்டுக்கு மேல் இழுக்க முடியாது என்பதால் அதற்குள்ளேயே தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தத் தம்பதி அன்று வாங்கிப் போனது வாளி, இரண்டு ஹைட்ரோமீட்டர், தெர்மாமீட்டர், கிருமிநீக்கி, சைஃபன் குழாய், பிளாஸ்டிக் பாட்டில்கள், ஒரு மால்ட் டின். எல்லாம் சேர்த்து நூறு பவுண்டுக்குள் அடங்கியது. மின்சாரக் கலத்தின் விலைச் சீட்டைக் கணவர் ஒருமுறை படம் எடுத்துக்கொண்டார். ஐந்தாறு முறை காய்ச்சிய பிறகு வாருங்கள், அப்போது நானே எடுத்துத் தருகிறேன் என்றார் அந்தப் பெண்மணி.