தொழில்: வீட்டுப்பணி

இறுதியாண்டு ஆய்வுக்காக ஒரு வினாக்கொத்து தயாரித்திருந்தேன். கரையோரப் பெண்களின் வாழ்வாதாரம் பற்றியது. வெளியில் கொண்டுபோக முதல் வீட்டில் ஒருக்கா சோதித்துப் பார்ப்பம் என்று அம்மம்மாவைப் பிடித்து இருத்தினேன். அவ அப்போதுதான் கடலால வந்திருந்தா. சீலைக்கரை நனைஞ்சு, நகத்துக்குள்ள சேறு. வாசல்படியில் பழைய பெயின்ட் வாளி, அதில் அரைவாசிக்கு மட்டி.

பெயர், வயது எல்லாம் சரியாக வந்தது.

"தொழில்?"

"ஒண்டுமில்லைப் பிள்ளை. வீட்டில சும்மாதான். எழுதன்."

சொல்லிப்போட்டு எழும்பிப் போய் வாளித் தண்ணியை மாத்தத் தொடங்கினா. எனக்குப் பேனை ஓடவில்லை. அவ பொய் சொன்னதால் இல்லை. அதே பொய்யை அவவுக்கு முதலே நான் எழுதியிருந்தேன் என்பதால்.

பல்கலைக்கழகம் கிடைத்தபோது உதவித்தொகைக்கு ஒரு படிவம் நிரப்பினேன். அம்மா அப்போது குவைத்தில். பாதுகாவலர் அம்மம்மா. "பாதுகாவலரின் தொழில்" என்ற இடத்தில் "வீட்டுப்பணி" என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். அம்மாவின் காசு பிந்தின மாதங்களில் என்னுடைய ரியூசன் காசு மட்டியில்தான் வந்தது. அது எனக்குத் தெரியும். ஆனால் பள்ளிக்கூடத்தில் என் பையில் மட்டி மணக்குது என்று ஒருத்தி மூக்கைப் பொத்தின நாளிலிருந்து, அந்தச் சொல்லை நான் வெளியில் எடுத்ததே இல்லை.

அவவின் 'சும்மா' என்னவென்று சொல்கிறேன்.

எங்கட பக்கம் பரவைக்கடல். யாழ்ப்பாணக் கடல்நீரேரியின் பல இடங்களில் தண்ணி முழங்கால் அளவுதான், மிஞ்சினால் இடுப்பளவு. இலங்கைக் கரைகளில் வத்துக்கும் பெருக்குக்கும் இடையில் ஒரு மீற்றர் வித்தியாசம்கூட இல்லை. ஆனால் தரை கிட்டத்தட்ட மட்டமாகக் கிடப்பதால், ஒரு சாண் தண்ணி இறங்கினாலே கண்ணுக்கெட்டின தூரம் சேறு வெளிச்சிடும். அமாவாசை, பறுவத்தை ஒட்டின நாட்களில் வத்து கூட. அந்த நேரமும் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தும். அம்மம்மாவுக்கு நிமிடக் கணக்குத் தெரியாது. கலண்டரில் திதியைப் பார்த்து, "நாளைக்குச் சோறு வடிச்சுப்போட்டுப் போகலாம்" என்பா. அது பிழைத்து நான் கண்டதில்லை.

மட்டியைக் கண்ணால் தேடுறதில்லை, காலால்தான். தண்ணிக்குள் குதிக்காலை மண்ணில் மெல்லத் திருப்பிக்கொண்டு நடக்க வேண்டும். கல்லென்றால் குத்தும். மட்டி வழுக்கும். வத்தின இடத்தில் என்றால் சேற்றில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்னத் துளை தெரியும். உள்ளே புதைந்திருக்கிற மட்டி இரண்டு குழாய்களை மேலே நீட்டும். ஒன்றால் தண்ணியை இழுத்து, அதில் இருக்கிற நுண்பாசியை வடித்துச் சாப்பிட்டு, மற்றதால் தண்ணியை வெளியே விடும். அந்த அடையாளத்துக்குக் கீழே பழைய கரண்டியைப் போட்டுக் கிளறினால் ஆள் அகப்படும். வாளி இடுப்புக் கயிற்றில் கட்டியபடி பின்னால் மிதந்து வரும்.

அம்மம்மாவிடம் இரண்டு சட்டம் இருக்கிறது. பெருவிரல் நகத்தைவிடச் சின்னதென்றால் திருப்பிப் போட்டுவிட வேண்டும். வாய்க்கால் வந்து விழுகிற பக்கம் கை வைக்கக்கூடாது. இரண்டாவதன் காரணத்தை நான் பிறகு புத்தகத்தில் வாசித்தேன். தண்ணியை வடித்துச் சாப்பிடுகிற உயிர் என்பதால் அதில் இருக்கிற கிருமிகளும் பார உலோகங்களும் மட்டியின் சதையில் சேரும். அவவைக் கேட்டால், "அது என்னத்தைக் குடிக்குதோ அதைத்தான் நாங்கள் தின்னுறம்" என்பா.

கரைக்கு வந்தபிறகும் வேலை முடியாது. மண்ணைத் துப்புவதற்காகக் கடல் தண்ணியில் இரவு முழுக்க ஊறவிட வேண்டும். வாய் திறந்து கிடக்கிறதைத் தட்டிப் பார்த்து, மூடாவிட்டால் எறிய வேண்டும். அவித்து, கோதை நீக்கி, சதையைக் கழுவி எடுத்தால் ஒரு வாளிக்கு ஒரு சின்னக் கோப்பை தேறும். அதைச் சரைகட்டி வீடு வீடாகக் கொண்டுபோய் விற்பா. மிஞ்சினது எங்களுக்குப் பால்கறி, இல்லாவிட்டால் கூழுக்கு.

95 இடப்பெயர்வுக்குப் போய் 96இல் திரும்பி வந்தபோது, கடலில் தொழில் செய்யக் கட்டுப்பாடு. அம்மப்பாவின் வள்ளம் கரையில் கவிழ்ந்து கிடந்ததாம். அவர் திண்ணையில் இருந்தாராம். அம்மம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்களும் முழங்கால் தண்ணியில் குந்தி மட்டி கிளறித்தான் அந்த மாதங்களில் அடுப்பெரிந்தது. அப்போதும் "அவர் கடற்றொழில், நான் வீட்டில" என்றுதான் பதிவுகளில் சொன்னாவாம்.

வள்ளமும் வலையும் இருந்தால் தொழிலாளி. காலும் கரண்டியும் இருந்தால் சும்மா. எங்கட ஊரில் புயலுக்குப் பிறகு நிவாரணப் பட்டியல் எழுதினபோதும் வள்ளத்தைத்தான் எண்ணினார்கள். சிறு அளவிலான மீன்பிடி பற்றி 2014இல் வந்த ஐ.நா. உணவு விவசாய அமைப்பின் வழிகாட்டலில் பெண்களின் வேலையும் மீன்பிடிதான் என்று இருக்கிறது. அதை வாசித்த உற்சாகத்தில், "அம்மம்மா, இனி நீங்கள் கடற்றொழிலாளி எண்டு எழுதப்போறன்" என்றேன்.

அவ மட்டி கழுவிக்கொண்டே சொன்னா:

"எழுதுவாய். பிறகு வருமானம் இருக்கெண்டு அந்தக் கொடுப்பனவையும் வெட்டிப்போடுவினம். நீ தருவியோ?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. 'சும்மா' என்பது அவவுக்கு வெட்கம் மட்டும் இல்லை, ஒரு மறைப்பும்தான். நான் எழுதின 'வீட்டுப்பணி' அப்படி இல்லை. அது என் வெட்கம் மட்டும்தான்.

கடைசியில் வினாக்கொத்திலிருந்து 'தொழில்' என்ற கேள்வியை எடுத்துவிட்டேன். பதிலாக, "நேற்று விடிஞ்சதில இருந்து பொழுதுபடும் வரைக்கும் என்னென்ன செய்தீங்கள்?" என்று போட்டேன். பெயர் எழுதும் இடத்தையும் எடுத்துவிட்டேன். பக்கத்து வீட்டு மாமியிடம் கேட்டபோது விட்ட இடம் காணாமல் தாளின் பின்பக்கமும் எழுத வேண்டி வந்தது.

என்னுடைய பழைய படிவம் இப்போதும் எங்கேயோ ஒரு கோப்புக்குள் கிடக்கும். அதைத் திருத்த வழியில்லை. வாற அமாவாசை சனிக்கிழமை. அம்மம்மாவிடம் நானும் வாறன் என்று சொன்னேன்.

"நகத்தை வெட்டிப்போட்டு வா," என்றா.